ஒரே ஜிப்ஸி, இரண்டு வாழ்க்கை

கடையில் விற்கும் ஜீப்புக்கும் ராணுவத்துக்குப் போகும் ஜீப்புக்கும் பச்சைப் பெயின்ட் மட்டும்தான் வித்தியாசம் என்று நினைப்பவர்கள் பலர். வித்தியாசம் அதைவிட ஆழமானது. அதன் பலனையும் விலையையும் அனுபவிப்பவர் உள்ளே உட்கார்ந்திருக்கும் ஜவான்.

2019-ன் தொடக்கத்தில் மாருதி சுசூகி நிறுவனம் ஒரு பழைய வண்டிக்கு விடை கொடுத்தது. 1985 டிசம்பரில் அறிமுகமாகி, 33 ஆண்டுகள் தோற்றம் அதிகம் மாறாமல் ஓடிய ஜிப்ஸி அது. காரணம் எளியது. புதிய பாதுகாப்பு விதிகள் வந்துவிட்டன. ஏப்ரல் முதல் ஏ.பி.எஸ். பிரேக், ஜூலை முதல் ஓட்டுநருக்கு ஏர் பேக், அதன் பிறகு மோதல் சோதனை என்று வரிசையாகக் கெடு. 1980களின் உடம்போடு பிறந்த ஜிப்ஸியிடம் இவை எதுவும் கிடையாது. புதிதாகச் சேர்ப்பதற்கு ஆகும் செலவும் கட்டுப்படியாகாது.

அதே ஆண்டு நடுவில் இன்னொரு செய்தி வந்தது. ராணுவத்துக்காக 3,051 ஜிப்ஸிகளைத் தயாரித்துக் கொடுக்கப் பாதுகாப்பு அமைச்சகம் சிறப்பு விலக்கு அளித்தது. குடும்பத்தோடு சாலையில் போகிறவருக்கு ஆகாது என்று சட்டம் ஒதுக்கிவைத்த அதே வண்டி, எல்லையில் ரோந்து போகும் ஜவானுக்கு ஆகும் என்றானது.

அரசாங்கத்தின் அலட்சியம் என்று இதை ஒரே வரியில் தள்ளிவிடலாம். ஆனால் அந்த வண்டியைக் கேட்டு வாங்கியதே ராணுவம்தான். ஏன் கேட்டது என்பதில்தான் ராணுவ ஜீப்புக்கும் சாதாரண ஜீப்புக்கும் உள்ள வித்தியாசத்தின் முழுக் கதையும் அடங்கியிருக்கிறது.

சிப்பாயாகப் பிறந்தது

ஜீப்பின் விஷயத்தில் ராணுவ வண்டிதான் அசல், சாதாரண வண்டி அதன் நகல். 1940-ல் அமெரிக்க ராணுவம் கால் டன் சுமை தாங்கும், நான்கு சக்கரங்களும் இயங்கும் சிறிய வண்டி ஒன்றைக் கேட்டு டெண்டர் விட்டது. பான்டம், வில்லீஸ், ஃபோர்டு ஆகிய மூன்று நிறுவனங்கள் மாதிரிகளைக் காட்டின. கடைசியில் வில்லீஸும் ஃபோர்டும் சேர்ந்து உலகப் போர் முடிவதற்குள் ஏறத்தாழ 6.4 லட்சம் ஜீப்புகளைத் தயாரித்துத் தள்ளின.

போர் முடிந்த 1945-லேயே வில்லீஸ் அதை விவசாயிகளுக்கு விற்கத் தொடங்கியது. சி.ஜே. 2ஏ என்று பெயர். அப்போது செய்த மாற்றங்கள் சுவாரஸ்யமானவை. சாமான் ஏற்றப் பின்பக்கம் திறக்கும் கதவு வந்தது. பின்னால் தொங்கிய ஸ்டெப்னி பக்கவாட்டுக்குப் போனது. வயலில் கலப்பை இழுக்க வசதியாக கியர் விகிதம் மாறியது. இரவில் சாலை நன்றாகத் தெரிய வேண்டும் என்று முகப்பு விளக்குகள் பெரிதாயின. விளக்கு பெரிதானதால் முன்பக்கத்தில் இருந்த ஒன்பது திறப்புகள் ஏழாகக் குறைந்தன. இன்று உலகம் முழுவதும் ஜீப்பின் அடையாளமாக இருக்கும் அந்த ஏழு திறப்புகள் சாதாரண மனிதருக்காக வந்தவை. சிப்பாயின் ஜீப்பில் இருந்தவை ஒன்பது.

பிறகு போக்குவரத்து எதிர்த் திசையிலும் நடந்தது. சி.ஜே. 3ஏ என்ற சாதாரண ஜீப்பை எடுத்து, 24 வோல்ட் மின்சாரமும் தண்ணீர் புகாத இக்னிஷனும் பொருத்தி, எம் 38 என்ற பெயரில் 1950-ல் மறுபடியும் ராணுவத்துக்கு அனுப்பினார்கள். ஒரே வண்டி சட்டை மாற்றிக்கொண்டு போய் வரும் வழக்கம் அன்று தொடங்கியது.

இந்தியாவுக்கு ஜீப் வந்த கதையில் கசப்பும் உண்டு. 1948-ல் காஷ்மீர் சண்டைக்காக லண்டனில் இருந்த இந்தியத் தூதர் வி.கே. கிருஷ்ண மேனன், பழைய ஜீப்புகளைப் புதுப்பித்து அனுப்ப ஓர் அயல்நாட்டு நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தார். மதிப்பு சுமார் ரூ.80 லட்சம். வந்து இறங்கிய 155 ஜீப்புகளும் பயன்படாதவை என்று ராணுவம் கைவிரித்துவிட்டது. சுதந்திர இந்தியாவின் முதல் ராணுவக் கொள்முதல் ஊழல் புகார், பீரங்கியைப் பற்றியதோ விமானத்தைப் பற்றியதோ அல்ல, ஜீப்பைப் பற்றியது.

அதே காலகட்டத்தில் பம்பாயில் மகிந்திரா நிறுவனம் வில்லீஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கியது. பின்னர் இங்கேயே தயாரித்தது. கிராமத்துச் சாலையில் பதினைந்து பேரை ஏற்றிக்கொண்டு போன ஜீப்பும் எல்லையில் துப்பாக்கி சுமந்த ஜீப்பும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகளாக இருந்த காலம் அது. 1965 செப்டம்பரில் பஞ்சாபின் அசல் உத்தர் போர்க்களத்தில் ஹவில்தார் அப்துல் ஹமீது பாகிஸ்தானின் பேட்டன் டாங்குகளைச் சிதறடித்தது, ஜீப்பின் மேல் பொருத்திய 106 மி.மீ. பின்னதிர்வற்ற பீரங்கியைக் கொண்டுதான். கவசமே இல்லாத ஜீப் சுட்டுவிட்டு இடம் மாறும், மறுபடி சுடும். வேகமும் சிறிய உருவமும்தான் அதன் கவசம். செப்டம்பர் 10-ம் தேதி ஹமீது உயிர் நீத்தார். மறைவுக்குப் பின் பரம் வீர் சக்ரா வழங்கப்பட்டது. ஜீப்பின் பலம், பலவீனம் இரண்டையும் அந்த ஒரு சம்பவம் சொல்லிவிடுகிறது.

ஜபல்பூரின் யானை

1960களில் ராணுவத்துக்கு இன்னும் பெரிய வண்டி தேவைப்பட்டது. ஜப்பானின் நிசான் நிறுவனத்திடமிருந்து பேட்ரோல் வண்டியின் உரிமத்தை வாங்கி, ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையில் தயாரித்தார்கள். ஜபல்பூர் ஆர்ட்னன்ஸ் அண்ட் கன் கேரேஜ் அசெம்ப்ளி என்பதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர்தான் ஜோங்கா. ஆறு சிலிண்டர், 3,956 சிசி பெட்ரோல் எஞ்சின். சேறு, மணல், மலை எதுவானாலும் முனகாமல் ஏறும். ஆனால் பெட்ரோல் குடிப்பதில் யானைப் பசி. பெட்ரோல் செலவு அரசாங்கத்தின் தலையில் விழும்வரை அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

ஜோங்காவைச் சாதாரண மக்களுக்கு விற்கும் முயற்சியும் நடந்தது. 1996-ல் பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் எஞ்சினைப் பொருத்தி விற்பனைக்கு விட்டார்கள். பெரிதாகப் போகவில்லை. அதற்குள் சந்தையில் வசதியான வண்டிகள் வந்துவிட்டன. சொந்தக் காசில் டீசல் போடுபவருக்கு யானை தேவைப்படவில்லை. 1999-ல் தயாரிப்பு நின்றது. இன்று ஜோங்கா சேகரிப்பாளர்களின் பொக்கிஷம். பிராந்திய சேனையில் கௌரவ லெப்டினன்ட் கர்னலாக இருக்கும் கிரிக்கெட் வீரர் தோனி 2019-ல் ராஞ்சி வீட்டுக்கு ஒரு பச்சை ஜோங்காவைக் கொண்டுவந்தபோது, அந்தப் பெயரையே கேட்டிராத தலைமுறை அதைத் திரும்பிப் பார்த்தது.

எடைதான் ரகசியம்

ஜோங்காவின் இடத்தையும் பழைய ஜீப்பின் இடத்தையும் சேர்த்துப் பிடித்தது ஜிப்ஸி. 1991 முதல் ராணுவத்துக்குப் போக ஆரம்பித்த அது, 30,000-க்கும் அதிகமான எண்ணிக்கையில் சேவையில் சேர்ந்தது. முதலில் 970 சிசி எஞ்சின், நான்கு கியர். 1993-ல் சக்கரங்களுக்கு இடையிலான அகலம் 90 மி.மீ. கூட்டப்பட்டது, வளைவில் கவிழாமல் நிற்க அது உதவியது. 1996-ல் 1.3 லிட்டர் எஞ்சின், ஐந்து கியருடன் ஜிப்ஸி கிங் வந்தது. 2000-ல் கார்புரேட்டர் போய் எரிபொருளைப் பீய்ச்சும் முறை வந்து, சக்தி 60 குதிரையிலிருந்து 80 குதிரையாக உயர்ந்தது.

காகிதத்தில் இவை சாதாரண எண்கள். லடாக்கில் அப்படியல்ல. 5,300 மீட்டருக்கு மேல் உள்ள கர்துங் லா கணவாயில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிதான். எஞ்சினும் மனிதனைப் போல மூச்சு வாங்குகிறது. டர்போ இல்லாத எஞ்சின் அந்த உயரத்தில் தன் பலத்தில் கிட்டத்தட்ட பாதியை இழந்துவிடும். கார்புரேட்டர் எஞ்சினில் இன்னொரு தொல்லை: காற்று குறைந்தாலும் பெட்ரோல் அதே அளவு ஊற்றும், கரும்புகை தள்ளித் திணறும். டீசலுக்குக் குளிர் பகை. வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே வெகுதூரம் இறங்கினால் சாதாரண டீசலில் மெழுகு உறைந்து குழாயை அடைத்துவிடும். மைனஸ் 33 டிகிரியிலும் உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் லடாக்குக்கு அனுப்பத் தொடங்கியதே 2019-ல்தான். சிறிய பெட்ரோல் எஞ்சின் கொண்ட ஜிப்ஸி மலையில் செல்லப்பிள்ளையாக இருந்ததற்கு இது ஒரு காரணம்.

முக்கியமான காரணம் எடை. கான்வாஸ் கூரை போட்ட ஜிப்ஸியின் எடை ஒரு டன்னுக்கும் சற்றுக் குறைவு. அது ஏற்றும் சுமை அரை டன். புதைந்துவிட்டால் நாலைந்து ஜவான்கள் சேர்ந்து தள்ளித் தூக்கிவிடலாம். மரப்பாலம் தாங்கும். ஒற்றையடி அகலமுள்ள மலைத் தடத்தில் வண்டியைத் திருப்ப முடியும். முன்னும் பின்னும் வளையாத ஆக்ஸில், பட்டை ஸ்பிரிங், தனிச் சேஸ் என்று எல்லாமே பழைய பாணி. அதனாலேயே எந்த முகாமிலும் ரிப்பேர் செய்ய முடிந்தது. ராணுவத்தின் இ.எம்.இ. படைப்பிரிவு வீரர்கள் ஒரு ஜீப்பை முழுவதுமாகப் பிரித்துப்போட்டுச் சில நிமிடங்களுக்குள் மறுபடி பூட்டி ஓட்டிக்காட்டும் சாகசம் பிரபலம். வேடிக்கை பார்ப்பவருக்கு அது வித்தை. வீரருக்கு அது வேலையின் ஒரு பகுதி. கம்ப்யூட்டரைப் பொருத்திப் பார்த்தால்தான் கோளாறு என்னவென்று தெரியும் என்ற நிலையில் உள்ள இன்றைய கார்களில் இது நடக்காது.

பச்சைக்கு அடியில்

ஒரே தொழிற்சாலையில், ஒரே வரிசையில் பிறக்கும் இரண்டு வண்டிகளில் ஒன்று ஷோரூமுக்கும் மற்றது படைக்கும் போகிறது. எங்கே பிரிகின்றன? முதலில் நிறம். ராணுவப் பச்சை பளபளக்கக் கூடாது. வெயில் பட்டு மின்னினால் தொலைவிலிருந்தே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் குரோமியம் பூச்சுகளுக்கும் இடமில்லை.

அடுத்து விளக்குகள். சாதாரண வண்டியில் விளக்கு இருப்பது பார்ப்பதற்கும் பார்க்கப்படுவதற்கும். ராணுவ வண்டிக்குப் பார்க்கப்படாமல் இருப்பதும் முக்கியம். எனவே மற்ற எல்லா விளக்கையும் ஒரேயடியாக அணைத்துவிட்டு, கீழ்நோக்கி மட்டும் மங்கலாகக் கசியும் இருட்டடிப்பு விளக்கை எரிக்கும் ஸ்விட்ச் உண்டு. வண்டிகள் வரிசையாக இரவில் நகரும்போது முன்னால் போகும் வண்டியை எப்படித் தொடர்வது? அதற்கும் வழி உண்டு. பின் ஆக்ஸிலின் நடுவே உள்ள டிஃபரன்ஷியல் உருண்டைக்கு வெள்ளை பூசி, அதன்மேல் ஒரு சின்ன விளக்கு. பின்னால் வரும் ஓட்டுநர் அந்த வெள்ளைப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே வருவார். மேலிருந்து பார்க்கும் விமானத்துக்கு அது தெரியாது.

மின்சாரத்திலும் பாதை பிரிகிறது. கார்களில் 12 வோல்ட் போதும். ஒயர்லெஸ் கருவிகளைச் சுமக்கும் ராணுவ வண்டிகளில் 24 வோல்ட் வழக்கம். ஸ்பார்க் பிளக்கின் பொறி, வானொலி அலையில் கரகரப்பை உண்டாக்கும்; வீட்டு டி.வி.யில் அந்தக் காலத்தில் ஸ்கூட்டர் போனால் கோடு விழுந்ததே, அதே சங்கதி. போர்க்களத்தில் உத்தரவு காதில் விழாமல் போனால் உயிர் போகும். எனவே பொறியின் இரைச்சல் வெளியே கசியாதபடி ஒயர்களை மூடித் தடுப்பார்கள். பின்னால் இழுவைக் கொக்கி, பக்கவாட்டில் ஜெர்ரி கேன் தாங்கி, மண்வெட்டிக்கும் கடப்பாரைக்கும் பிடிகள், ஆன்டெனாவுக்கு அடிப்பகுதி ஆகியவை மீதிப் பட்டியல். பழைய ராணுவ ஜீப்புகளின் டயரில்கூட வித்தியாசம் உண்டு. அதன் பற்கள் இரு திசையிலும் ஒரே மாதிரி இருக்கும். முன்னால் போகும் அளவுக்குப் பின்னாலும் இழுக்க வேண்டும் என்பது கணக்கு.

அமெரிக்காவின் ஹம்வீ இந்த வித்தியாசத்தின் உச்சம். ஏழடி அகலமான அந்த ராணுவ வண்டியில் சாவியே கிடையாது. ஸ்விட்சைத் திருப்பினால் எஞ்சின் ஓடும். சண்டைக்கு நடுவே சாவி தேடிக்கொண்டிருக்க முடியாது. நடிகர் ஆர்னால்ட் ஷ்வார்ஸ்நேகர் ஆசைப்பட்டுக் கேட்டதை அடுத்து 1992-ல் ஹம்மர் என்ற பெயரில் கடைக்கு வந்தபோது சாவி, 12 வோல்ட் மின்சாரம், ஏர்கண்டிஷனர், மெத்தை இருக்கை எல்லாம் சேர்ந்துகொண்டன. அகலம் மட்டும் குறையவில்லை. போர்க்களத்தில் நிலைத்து நிற்க உதவிய ஏழடி அகலம், நகரத்துப் பார்க்கிங்கில் தலைவலியானது.

கடைக்கார் காட்டுக்குப் போகிறது

2013 வாக்கில் இந்திய ராணுவம் புதிய வகை வண்டியைக் கேட்டது. ஜி.எஸ். 800 என்று பெயர். 800 கிலோ சுமை, உலோகக் கூரை, ஏர்கண்டிஷனர். டாடாவின் சஃபாரி ஸ்டோர்மும் மகிந்திராவின் ஸ்கார்பியோவும் மோதின. நீண்ட சோதனைகளுக்குப் பிறகு 2017-ல் 3,192 வண்டிகளுக்கான ஒப்பந்தம் டாடாவுக்குப் போனது. ஊரில் குடும்பங்கள் சுற்றுலா போன அதே ஸ்டோர்ம், மங்கலான பச்சை பூசி, கொக்கிகள் மாட்டி, இருட்டடிப்பு விளக்கோடு வந்து நின்றது.

2023 ஜனவரியில் 1,470 ஸ்கார்பியோ கிளாசிக்குகளுக்கும், ஜூலையில் மேலும் 1,850-க்கும் ராணுவம் ஆர்டர் கொடுத்தது. இதில் ஒரு வேடிக்கை. 2022-ல் அறிமுகமான ஸ்கார்பியோ கிளாசிக் கடையில் பின்சக்கர இயக்கத்தோடு மட்டுமே வந்தது. ராணுவத்துக்குப் போனதில் நான்கு சக்கரங்களும் இயங்கும். பெயரும் உருவமும் ஒன்று; சேற்றில் இறங்கினால்தான் குட்டு வெளிப்படும்.

கடைக்காரை ராணுவ வண்டியாக்குவதில் லாபங்கள் பல. தனியாக ஒரு வண்டியை வடிவமைக்கும் செலவு மிச்சம். உதிரி பாகம் எந்த ஊரிலும் கிடைக்கும். டர்போ டீசல் எஞ்சின் மலை உயரத்தில் மூச்சுத் திணறாது. பத்து மணி நேரம் பயணம் செய்து இறங்கும் ஜவானின் முதுகும் தப்பிக்கும். ஆனால் இழப்பும் உண்டு. ஸ்டோர்ம் ஜிப்ஸியைவிட ஏறக்குறைய இரு மடங்கு எடை. அதை நாலு பேர் தள்ளி எடுக்க முடியாது. கடைக்கார்களின் ஆயுளும் குறைவு. ஃபேஷன் மாறினால் ஐந்தாறு வருடங்களில் நிறுவனம் மாடலை நிறுத்திவிடும்; ராணுவமோ அதே வண்டியை இருபது வருடம் ஓட்டும். ஸ்டோர்ம் 2019-லேயே ஷோரூம்களிலிருந்து மறைந்துவிட்டது.

2025 மார்ச் 27 அன்று பாதுகாப்பு அமைச்சகம் கிட்டத்தட்ட 5,000 இலகு ரக வாகனங்களுக்காக ஃபோர்ஸ் மோட்டார்ஸ், மகிந்திரா ஆகிய இரு நிறுவனங்களுடனும் ஒப்பந்தம் போட்டது. ஃபோர்ஸின் பங்கு 2,978 கூர்க்கா வண்டிகள். கவனிக்க வேண்டியது வகையின் பெயர்: 800 கிலோ, மென்கூரை. ஏர்கண்டிஷனரும் உலோகக் கூரையும் கேட்ட ராணுவம், ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கான்வாஸுக்கும் மறுபடி இடம் கொடுத்திருக்கிறது.

எது பாதுகாப்பு?

இங்கேதான் இரண்டு உலகங்களின் கணக்கும் முட்டிக்கொள்கிறது. சாலையில் போகிறவருக்குப் பாதுகாப்பு என்றால் மோதும்போது நசுங்காத கூண்டு, விரியும் ஏர் பேக், வழுக்காத பிரேக். ஜீப் வம்சத்தில் வந்த மகிந்திரா தார் 2020-ல் மோதல் சோதனையில் ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் வாங்கியது இந்த வழியில்தான். ரோந்து போகும் ஜவானின் கணக்கு வேறு. சுற்றிலும் பார்வை மறைக்கக் கூடாது. சத்தம் காதில் விழ வேண்டும். தாக்குதல் என்றால் ஒரே நொடியில் நான்கு பக்கமும் குதித்திறங்க வேண்டும். மூடிய கதவும் கண்ணாடியும் அவருக்குக் கவசமல்ல, பொறி. கான்வாஸ் கூரையை ராணுவம் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இதுதான் காரணம்.

ஆனால் இந்த நியாயத்துக்கு எல்லை உண்டு. ராணுவ வண்டி எந்நேரமும் சண்டையில் இருப்பதில்லை. ரேஷன் ஏற்றுகிறது, அதிகாரியை ரயில் நிலையத்தில் இறக்குகிறது, விடுமுறைக்குப் போகிறவரை பஸ் ஸ்டாண்டில் விடுகிறது. பனி உறைந்த வளைவில் சக்கரம் வழுக்கும்போது எதிரே இருப்பது எதிரியல்ல, பள்ளம்தான். அங்கே ஏ.பி.எஸ்.ஸும் சீட் பெல்ட்டும் சிப்பாய்க்கும் அதே அளவு தேவை. சண்டைக்காகக் கொடுத்த விலக்கு, சாதாரணப் பயணத்திலும் அவர் தலைமேல் தொங்குகிறது.

மறுபக்கம், நிஜமான தாக்குதல் வரும்போது ஜிப்ஸியோ ஸ்கார்பியோவோ இரண்டுமே தகரம்தான். துப்பாக்கிக் குண்டையும் கண்ணிவெடியையும் தாங்க, பிறவியிலேயே கவசம் கொண்ட வண்டி வேண்டும். ஜீப்பின் மேல் கவசம் பூட்டிய ரக்ஷக் போன்றவை அந்த வழியில் முதல் படி. 2021-ல் ரூ.1,056 கோடிக்கு 1,300 கவச வாகனங்களுக்கு மகிந்திராவுடன் ஒப்பந்தம் ஆகி, 2023 முதல் அர்மாடோ என்ற பெயரில் அவை வர ஆரம்பித்தன. சராசரியாக ஒன்றின் விலை ரூ.81 லட்சம். அந்த விலையில் பத்து ஜிப்ஸிகளுக்கு மேல் வாங்கியிருக்கலாம். எல்லா ஜவானுக்கும் கவச வண்டி என்பது எந்த நாட்டு பட்ஜெட்டிலும் அடங்காது. யாரைக் கவசத்துக்குள் அனுப்புவது, யாரைக் கான்வாஸின் கீழ் அனுப்புவது என்ற முடிவை யாரோ ஒருவர் எடுத்தாக வேண்டியிருக்கிறது.

சேவை முடிந்த பிறகு

ஓடி ஓய்ந்த ராணுவ ஜீப்புகளில் பல, ஏலத்தில் மறுபிறவி எடுத்திருக்கின்றன. இமயமலைப் பந்தயங்களிலும் தோட்டப் பாதைகளிலும் இன்றும் உறுமும் பழைய ஜிப்ஸிகளில் படையிலிருந்து வந்தவையும் உண்டு. வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டியவை சில. ஏலத்தில் எடுத்ததற்கான ராணுவ ஆவணங்கள் முழுமையாக இல்லாவிட்டால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவு கிடைக்காது. ஆவணமில்லாத வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் கொல்லைப்புறத்தில் நிறுத்திவைக்கத்தான் உதவும். நம்பர் பிளேட்டின் தொடக்கத்தில் மேல்நோக்கி நிற்கும் அம்புக்குறி ராணுவத்துக்கு மட்டுமே உரியது. அது போயாக வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக அந்தப் பச்சை. 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-ம் விதி தெளிவாகச் சொல்கிறது: பாதுகாப்புத் துறை வாகனங்களைத் தவிர வேறு எந்த வாகனத்துக்கும் ஆலிவ் பச்சை பூசக் கூடாது. ஆசைக்காக ராணுவ நிறத்தைப் பூசிக்கொண்டு திரியும் இளைஞர்கள் பலருக்கு இது தெரியாது. வெறும் கௌரவப் பிரச்சினையல்ல இது. பச்சை வண்டியைப் பார்த்ததும் காவலாளி கதவைத் திறந்துவிடும் நாட்டில், அந்த நிறம் தவறான கையில் சிக்கினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே ஏலத்தில் எடுத்த ஜிப்ஸி முதலில் போகும் இடம் பெயின்ட் கடை. சிவப்போ வெள்ளையோ பூசிக்கொண்டு, மாநில நம்பரை மாட்டிக்கொண்டு அது ஊருக்குள் வந்துவிடும். பழைய வாழ்க்கையின் தடயம் எதுவும் வெளியே தெரியாது. வண்டிக்கு அடியில் படுத்து ஆயில் மாற்றும் மெக்கானிக்கின் கண்ணில் மட்டும் சில சமயம் படும்: பின் ஆக்ஸிலின் உருண்டையில், சேற்றுக்கும் கிரீஸுக்கும் நடுவே, யாரும் சுரண்டாமல் விட்ட கொஞ்சம் வெள்ளைப் பெயின்ட்.